செல்லாயி பதில் பேசவில்லை

எனக்குச் சாமி வந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் ஈப்போவில் புந்தோங் பாசாருக்கு மீன் வாங்கப் போனால், ஒருத்தி இல்லாவிட்டால் ஒருத்தி என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். "ஒங்க மேல ஆத்தா எறங்குனாங்களாமே அக்கா?" என்று கேட்கிறாள். ஆத்தாவும் இறங்கவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. என் உடம்பில் இறங்கியது கட்டுவிரியன் விஷம். அதைச் சாமி என்று நினைத்துக் கொட்டடித்துக் குலவை போட்டு, என்னைச் சாமியிடமே அனுப்பிவைக்கப் பார்த்தார்கள் எங்கள் ஜனங்கள்.

சுங்காய்ப் பக்கம் மணிக்கூண்டுத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. நான் பிறந்தது, மரம் சீவியது, கல்யாணம் கட்டியது, புருஷனைப் பறிகொடுத்தது எல்லாம் அங்கேதான். இப்போது தோட்டம் இல்லை. ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மாரியம்மன் கோயிலை மட்டும் என்ன பயமோ, தொடாமல் விட்டுவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் சில வரிசை கிழட்டு ரப்பர் மரங்களும் தப்பித்தன. ஆடி மாதத் திருவிழா வந்தால், சிதறிப்போன எல்லாரும் காடி என்று நாங்கள் சொல்கிற கார் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். ஈப்போவிலிருந்து நானும் என் மகன் தனேஸ்வரனும் போவோம்.

திருவிழாவில் கூழ் என் பொறுப்பு. முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். விடியுமுன் அடுப்பை மூட்டிக் கிண்ட ஆரம்பித்தால்தான் பூசை நேரத்துக்கு இறக்க முடியும். அதனால் கோயில் கொட்டகையிலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவேன். "மடக்குக் கட்டில் ஒண்ணு கொண்டாரேன்மா" என்பான் தனேசு. "தரையில படுத்துத்தான்டா ஒன்னயும் பெத்தேன், போடா" என்பேன். அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் கூழை இத்தனை வருடத்தில் குறை சொன்னவள் ஒரே ஒருத்திதான். பாப்பா. பேரன் எடுத்த பிறகும் அவள் பெயர் பாப்பாதான்.

லயத்தில் அவள் வீடும் என் வீடும் ஒட்டு வீடு. நடுவே பலகைச் சுவர். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். எங்கள் இரண்டு பேர் குடித்தனமும் அந்தத் திறப்பு வழியாகத்தான் நடந்தது. அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். உப்பு, தீப்பெட்டி, சமயத்தில் அழுகிற பிள்ளை, எல்லாவற்றையும் முக்காலி போட்டு ஏறி அந்தப் பக்கம் கொடுப்போம். சண்டையும் அந்த வழிதான். விடியக்காலையில் பெரட்டுக்கு மணி அடிக்கும். ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடம் அது. மணிச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து, "எந்திரிச்சிட்டியாடி மூதேவி?" என்று குரல் வரும். "ஒனக்கு முன்னாடியே எந்திரிச்சாச்சுடி சனியனே" என்று நான் பதில் கொடுப்பேன். இதுதான் எங்கள் காலை வணக்கம். என்றைக்காவது ஒருத்தி பதில் சொல்லாமல் இருந்தால், அடுத்தவள் முக்காலியைப் போட்டு ஏறி எட்டிப் பார்ப்பாள், காய்ச்சலோ என்னவோ என்று.

தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது இரண்டு பேரும் பேசி வைத்தோம். எங்கே போனாலும் ஒட்டு வீடாகப் பார்த்துத்தான் போவது என்று. ஒரு நாள் மரம் சீவிவிட்டுப் பால் வாளியோடு திரும்புகிறேன், பக்கத்து வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு துரும்பு இல்லை. சாமான் லோரி பத்து காஜா ஊருக்குப் போய்விட்டதாம், மகள் வீட்டுக்காம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அந்தப் பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மறுநாள் பெரட்டு மணி அடித்தபோது காது தானாக அந்தப் பக்கம் போயிற்று.

பிறகு பல வருடம் அவள் திருவிழாவுக்கே வரவில்லை. கடைசியில் ஒரு வருடம் வந்தாள். கூழ் வரிசையில் நின்று என் முன்னால் சொம்பை நீட்டினாள். ஊற்றினேன். ஒரு வாய் குடித்தாள். நாலு பேர் கேட்க, "கூழு பொகையடிக்குதே" என்றாள். என் கூழா? புகையா? அன்றோடு முறிந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் அவளும் வருவாள், நானும் வருவேன். கோயிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முகத்தைப் பார்க்காமல் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

இந்தத் திருவிழாவிலும் மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கத்தில் இடது கை விரலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்து உதறிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். பாம்பு கடித்தால் வீங்கும், கறுக்கும், ஆள் துள்ளிக் குதிப்பான் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தப் பாழாய்ப்போன பாம்பு கடித்தால் கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது என்று யார் கண்டது?

எழுந்தபோது வயிறு முறுக்கியது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். அடுப்பை மூட்டிக் கிண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கூழ்ப் பானை இரண்டாகத் தெரிந்தது. பூசாரி சன்னாசி அண்ணனும் இரண்டாகத் தெரிந்தார். ஒரு சன்னாசி அண்ணனையே நம்மால் தாங்க முடியாது. கண் இமை கீழே கீழே இறங்கியது, தூக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதுதான் என்று அகப்பையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அம்மனுக்கு எதிரே இருந்த தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். தனேசைக் கூப்பிட்டேன். குரல் மூக்கு வழியாக முனகலாக வந்தது. அதற்குள் உறுமி மேளம் தொடங்கிவிட்டது.

தலை பின்னால் சாய்ந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. இமை முழுசாக மூடிக்கொண்டது. அப்போது சன்னாசி அண்ணன் போட்டாரே ஒரு சத்தம்.

"ஆத்தா வந்துட்டாடா! செல்லாயி மேல ஆத்தா எறங்கிட்டா!"

அவ்வளவுதான். குலவை, கற்பூர வாசம், வேப்பிலை அடி, முகத்தில் மஞ்சள் தண்ணீர். கூட்டத்துக்கு ஒரே ஆனந்தம். ஏனென்றால் வருடா வருடம் சாமியாடுகிறவர்களை நான்தான் கிண்டல் செய்வேன். "வீட்டுக்காரன் பக்கத்துல நின்னாத்தான் இவளுங்களுக்குச் சாமி வரும்" என்பேன். இப்போது எனக்கே வந்துவிட்டதாம். "பேசுன வாய்க்கு ஆத்தா காட்டிட்டா பாத்தியா" என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். ஒவ்வொரு குரலும் எனக்குத் தெரிந்த குரல். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"சொல்லு தாயி. வாயத் தொறந்து சொல்லு. என்ன கொற வச்சோம்?" என்று சன்னாசி அண்ணன் காதருகே கத்தினார்.

அட மடப்பய மனுசா, மூச்சு விட முடியவில்லை, காடியை எடு என்று உள்ளே கிடந்து கத்துகிறேன். உதடு அசையவில்லை. என் மகன் காலில் வந்து விழுந்தான். "ஆத்தா, எங்கம்மாவ எப்பவும் நல்லா வச்சிக்க ஆத்தா, வேற ஒண்ணும் வேணாம்" என்று அழுதான். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், என் காலைப் பிடித்துக்கொண்டே என்னைக் காப்பாற்றச் சொல்லி வேண்டுகிறான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல பயம். நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்கலா. நான் பாக்கணும்."

பாப்பா. என் முகத்துக்கு நேரே குனிந்திருக்க வேண்டும். பேச்சு நின்று எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் சொல்லைக் கேளுங்கள்.

"ஏன்டி மூதேவி, இந்த வருசமும் கூழு பொகையடிக்குது."

எனக்கு உச்சந்தலையில் கோபம் ஏறியது. ஆனால் என்ன பிரயோசனம், மூஞ்சியில் ஒரு சுருக்கம் கூட வரவில்லை.

"கேக்குதாடி? பொகை. வாயில வைக்க முடியல."

நான் பதில் பேசவில்லை. என் மூக்கின் கீழே அவள் விரல் வந்தது. என் இமையைப் பிடித்துத் தூக்கினாள், விட்டாள், அது தொப்பென்று விழுந்தது.

"மேளத்த நிப்பாட்டுங்கடா!" என்று அலறினாள். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. இவளுக்கு என்னமோ ஆயிருச்சு. தனேசு, காடியத் தொறடா!"

"பாப்பா, தெய்வ குத்தம் ஆயிரும்" என்றார் சன்னாசி அண்ணன்.

"யோவ், ஆத்தாளே எறங்கி வந்தாலும் இவ வாய அடைக்க முடியாதுய்யா! நான் கூழக் கொற சொல்லிட்டேன், இவ சும்மா கெடக்குறா. இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

காடியில் என் தலை பாப்பாவின் மடியில் இருந்தது. வழியில் மூச்சு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். அவள் என் கன்னத்தில் அறைந்ததும், "பதில் சொல்லுடி, பதில் சொல்லுடி" என்றதும்தான் கடைசியாகக் காதில் விழுந்தன. பக்கத்து ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு, ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள்.

மறுபடி நினைவு வந்தபோது ஒரு பெண் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். சிவாஜினி என்று பெயர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சிலேயே தெரிந்தது. "ரெண்டு கண் இமையும் ஒரே மாதிரி விழுந்திருக்கு. பக்கவாதம் எண்டால் ஒரு பக்கம்தான் விழும். அம்மா ராத்திரி எங்க படுத்தவா? கட்டிலிலயா, தரையிலயா?"

"தரையில" என்றான் தனேசு.

டாக்டர் உடனே அந்த இடத்தைத் தேடச் சொன்னார். சன்னாசி அண்ணனுக்குப் போன் பறந்தது. நான் சுருட்டி வைத்த பாயை ஒட்டி, விறகுக் குவியலுக்குக் கீழே, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டுக் கட்டாக ஒன்று சுருண்டு கிடந்ததாம். படம் வந்ததும் மலாய்க்கார நர்ஸ் மிசி ஒருத்தி, "உலார் காத்தாம் தெபு" என்று மூச்சை இழுத்துக்கொண்டாள். நம் பேச்சில் கட்டுவிரியன். விஷத்துக்கு மருந்து ஏற்றினார்கள்.

"மருந்து குடுத்தாச்சே, அப்புறம் ஏன் டாக்டர் கண்ணத் தொறக்கல?" என்று தனேசு கேட்டான்.

"நரம்பு முனையில இருந்து ஒரு ரசாயனம் சொட்டும் தம்பி. தசையில அதை வாங்கிறதுக்கு எண்டே இடங்கள் இருக்கு. ஏற்பி எண்டு சொல்லுவம். வாங்கினால்தான் தசை அசையும். இந்த விஷம் அதுக்கு முன்னமே போய் அந்த இடத்தில ஒட்டிக்கொண்டிட்டுது. நரம்பு சொல்றது தசைக்குப் போகேல்ல. மூச்சு விடுற தசைக்கும் போகேல்ல. ரத்தத்தில சுத்துற விஷத்தை மருந்து பிடிச்சிடும். ஒட்டினதைப் பிடுங்கிறது கஷ்டம். உடம்புதான் மெல்ல மெல்லச் சரி செய்ய வேணும். அதுவரைக்கும் மெஷின் மூச்சு விடும். மூளைக்கு ஒண்டும் இல்ல. காது கேக்கும், பக்கத்தில இருந்து பேசுங்கோ."

மரம் சீவினவளுக்கு இது புரியாதா? பட்டையில் கோடு சரியாக இழுத்திருப்போம், பாலும் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஆனால் பால் பிடிக்கிற மங்கில் முந்தின நாள் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தால் அத்தனை பாலும் வழிந்து மண்ணுக்குப் போகும். மரத்திலும் குறையில்லை, மங்கிலும் குறையில்லை. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். நான் காத்துக் கிடந்தேன்.

காத்துக் கிடப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் கற்றேன். கண் இல்லை, வாய் இல்லை, குழாய் இருந்ததால் மூக்கில் வாசமும் இல்லை. காது ஒன்றுதான். மெஷின் புஸ்ஸென்று இழுத்து விடும் சத்தம், தோட்டத்தில் ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷின் சத்தம் போலவே கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். பெரட்டு மணி. இருட்டில் செருப்புகள் சருகை மிதிக்கிற சத்தம். முதல் பால் காலி மங்கில் விழுகிற சின்னச் சத்தம். வெயில் ஏறினால் ரப்பர் காய் படீரென்று வெடித்து விதை தெறிக்கும். இத்தனையும் என் காதுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று என்று ஏங்கினேன். ஏங்குவதற்குக் கூட ஒரு பெருமூச்சு விட வழியில்லை.

நாட்கள் போயின. ஒரு விரல் அசையவில்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் டாக்டர் சொன்னதை நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றார்கள். ஒரு நாள் சன்னாசி அண்ணன் என் தலைமாட்டிலேயே நின்று தனேசிடம் பேசினார்.

"தம்பி, ஆத்தா கூப்புட்டுட்டா. ஒடம்பு மட்டுந்தான்டா இங்க கெடக்கு. மெஷின் காத்தடிச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். கொழாய எடுக்கச் சொல்லு. கோயிலுக்குக் கொண்டு போயி ஆத்தா மடியில போட்டுருவோம்."

"கண்ணுல லைட் அடிச்சாக்கூட ஒண்ணும் அசையலியேண்ணே" என்று தனேசு விசும்பினான். "அவங்களப் போட்டு நான் சித்ரவதை பண்றேனோன்னு இருக்கு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட பேசிடுறேன். வீட்டுக்குக் கொண்டு போறோம்னு சொல்லிடுறேன்."

அடப்பாவி மகனே! உன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு மரம் சீவினேனே, இதற்குத்தானா? திட்டினேன், கெஞ்சினேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். ஒன்றும் வெளியே போகவில்லை. நாளைக் காலை வரைக்கும்தான் நான் என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் பாப்பா வந்தாள். பத்து காஜாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். திரையை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

"எந்திரிச்சிட்டியாடி மூதேவி?"

ஒனக்கு முன்னாடியே எந்திரிச்சாச்சுடி சனியனே, என்றேன் உள்ளே.

பாப்பா மூக்கை உறிஞ்சினாள்.

"ஒன் மவன் என்னமோ சொல்றான். எனக்கு மனசு ஆறல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போ. அன்னிக்கி லோரி மத்தியானந்தான் கெளம்புறதா இருந்துச்சு. நான்தான் மருமவன அவசரப்படுத்தி, நீ மரத்துல இருந்து வர்றதுக்குள்ள ஏறிட்டேன். மவ மாசமா இருந்தா, போயே ஆவணும். ஒன் மூஞ்சியப் பாத்தா நான் லோரியில ஏற மாட்டேன்டி. எனக்கு அது நல்லாத் தெரியும்."

மெஷின் இழுத்தது, விட்டது.

"பத்து காஜா வூட்டுல கல்லுச் சொவரு. கூரை வரைக்கும் போவுது. போன புதுசுல தெனமும் விடியக்காலையில அந்தச் சொவத்தப் பாத்து எந்திரிச்சிட்டியாடின்னு கேப்பேன். பக்கத்து வூட்டுச் சீனத்தி எனக்குப் பைத்தியம்னு நெனச்சிட்டா. கூழுக்கு ஏன் கொற சொன்னேன் தெரியுமா? நீ என் மூஞ்சியப் பாக்காம ஊத்துனே. திட்டுவேன்னு நெனச்சேன். ரெண்டு திட்டு திட்டுனா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன். நீ ஒண்ணுமே சொல்லல. அன்னிக்கும் சொல்லல, இன்னிக்கும் சொல்ல மாட்டேங்குற. ஏன்டி இப்பிடி இருக்கே?"

நான் உடைந்துபோனேன். வேறு எப்படிச் சொல்வது? இத்தனை வருடமாக நெஞ்சில் கல்லாக வைத்திருந்ததை அவள் இரண்டு நிமிஷத்தில் எடுத்துப்போட்டுவிட்டாள். அழுகை வந்தது. வாய் கோணவில்லை, தொண்டை விம்மவில்லை. ஆனால் கண்ணோரம் சூடாக ஏதோ கசிந்து காதுப் பக்கம் இறங்கியது.

"மிசி! மிசி!" பாப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அழுவுறா! இவ அழுவுறா!"

மிசி வந்து பார்த்து, கண் காயாமல் இருக்கப் போட்ட மருந்துதான் வழிகிறது என்று மலாயில் சொன்னாள்.

"புக்கான் ஊபாட்!" மருந்து இல்லை என்று மலாயிலேயே அவளிடம் கத்தினாள் பாப்பா. "டாக்டரக் கூப்புடுங்க. பாருங்க, தொடச்சிட்டேன். இப்பப் பாருங்க. ஏன்டி செல்லாயி, ஒன் கூழு பொகையடிச்சிச்சுடி!"

சிரிப்பா அழுகையா, எனக்கே தெரியவில்லை. மறுபடியும் வழிந்தது. டாக்டர் வந்தார், கண்ணைத் துடைத்தார், பாப்பாவை இன்னொரு முறை பேசச் சொன்னார். மறுபடியும் வழிந்தது. தனேசும் ஓடி வந்திருந்தான்.

"நான் முதல் நாளே சொன்னனான்" என்றார் டாக்டர். "தசையில இருக்கிற ஏற்பி வேற, கண்ணீர் சுரக்கிற இடத்தில இருக்கிறது வேற. இந்த விஷத்துக்குத் தசையில ஒட்டத் தெரியும், அங்க ஒட்டத் தெரியாது. அதால கண்ணீர் மட்டும் வெளியால வந்திட்டுது."

"அப்ப நாங்க பேசுனதெல்லாம்?" என்றான் தனேசு.

"எல்லாம் கேட்டிருப்பா."

என் மகன் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். சன்னாசி அண்ணன் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டவில்லை.

மறுநாளிலிருந்து பாப்பா தினமும் வந்தாள். வந்து உட்கார்ந்தால் சண்டைதான். என் மீன் குழம்பைப் பழித்தாள், என் மாமியாரை இழுத்தாள், நான் சின்ன வயதில் வேலை வாங்கும் மண்டோரைக் கண்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்ததை மிசிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவள் வேண்டுமென்றே கிளறுகிறாள் என்று எனக்குத் தெரியும். கோபம் வரத்தான் செய்தது. அப்படி ஒரு நாள் என் கால் கட்டைவிரல் அசைந்தது. "உதைக்கிறியா? உதைடி, உதைடி" என்று அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் இமை. அப்புறம் கை. மெஷினின் வேலையை மெல்ல மெல்ல என் நெஞ்சே வாங்கிக்கொண்டது.

டாக்டர் தினமும் காலையில் வந்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். கழுத்துக்குப் பலம் வந்துவிட்டால் விஷம் முழுசாக விட்டுவிட்டது என்று கணக்காம். நான் கொஞ்சம் தூக்குவேன், தொப்பென்று விழும். குழாயை எடுத்த பிறகும் தலை மட்டும் நிற்கவில்லை.

குழாயை எடுத்த அன்று பாப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள். முகத்தை முழுசாகப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் எப்போது இப்படி நரைத்தாள் என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

"ம், ஆரம்பி" என்றாள். "இத்தன நாளு சேத்து வச்சிருப்பியே. திட்டுடி."

சேர்த்துத்தான் வைத்திருந்தேன். அவள் பேசியதற்கெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் அடுக்கி வைத்திருந்தேன். தொண்டை புண்ணாக இருந்தது. வாயைத் திறந்தால், அடுக்கி வைத்த எதுவும் வரவில்லை.

"கூழு பொகையடிச்சது நெசந்தான்டி" என்றேன்.

"என்னது?"

"அந்த வருசம் நீ வர்றேன்னு யாரோ சொன்னாங்க. நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு காடி வந்தா ஓடுவேன், நீயா இருக்குமோன்னு. அடுப்ப மறந்துட்டேன். அடி புடிச்சிருச்சு."

பாப்பா பதில் பேசவில்லை. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்புக்குக் கீழே குனிந்துவிட்டாள். நான் படுத்திருந்த இடத்திலிருந்து அவள் முகம் தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தேன்.